அண்ணனை அங்கேயே விட்டுவிட்டு வா

தம்பி,

சுகமா என்று விசாரித்து எழுத வேண்டிய தூரத்தில் நீ இல்லை. காலையில் நான் போட்டுத் தந்த தேத்தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, தொங்கு ரயிலைப் பிடிக்க ஓடினாய். பின்னேரம் இதே கதவால் வருவாய், சப்பாத்தைக் கழற்றுவாய், கைகால் கழுவிவிட்டு உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாய். இரண்டு அறை வீட்டுக்குள் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தாய் ஜெர்மனியில், இந்த வுப்பர்டாலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது? உன் அண்ணனின் பெயரை எடுத்தாலே நீ எழும்பிப் போய்விடுகிறாய். ஆகவே இதை உன் பயணப் பையில், சாப்பாட்டுப் பார்சலுக்குக் கீழே வைக்கப்போகிறேன். விமானம் கிளம்பிய பிறகு எடுத்து வாசி. அங்கே எழும்பிப் போக இடமிருக்காது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்ரனைக் கொண்டுவராதே. மே மாதம் மண் இளகியதும் அவனைக் கனடாவிலேயே அடக்கம் பண்ணலாம் என்றுதான் அந்த ஊர்ச் சுவாமியார் சொன்னார். நீ போவது அதை நிறுத்திவிட்டு, பெட்டியை விமானத்தில் ஏற்றி, நான் நடந்துபோய் மெழுகுதிரி கொளுத்தக்கூடிய இடத்தில் அவனை வைப்பதற்கு. "உங்களுக்காகத்தானம்மா" என்றாய். தெரியும் ராசா. நானேதான் முதலில் கேட்டேன், தலையில் அடித்துக்கொண்டு கேட்டேன். மனுவேல் அண்ணை எங்கட ஆட்களிடம் வீடு வீடாகப் போய்ச் செலவுக்கு ஒழுங்கு பண்ணினார். நீ தொழிற்சாலையில் முதலாளியின் முகத்தைப் பார்த்து லீவு கேட்டாய். இவ்வளவும் நடந்த பிறகு வேண்டாம் என்கிறாளே, கிழவிக்கு விசரா என்று நீ நினைக்கலாம். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், நீ "சரியம்மா, கொண்டுவாறன்" என்று பேச்சை முடித்திருப்பாய். அதுதான் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை வாசி.

அந்தச் செய்தி வந்த நாளில் நீ வேலையில் இருந்தாய். போன் மனுவேல் அண்ணையின் வீட்டுக்குத்தான் வந்தது. அவர் எனக்கு மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணை என்பேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எங்களிடம் ஒருவருக்கொருவர் கொடுக்க மரியாதை மட்டும் நிறைய இருக்கிறது. வந்தவர் தொப்பியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "இருங்கோ அக்கா" என்றார். நான் கதிரையில்தான் இருந்தேன். இருக்கிறவளைப் பார்த்து இருங்கோ என்றால் என்ன அர்த்தம்? ஆறு வந்து ஏரியில் விழுகிற இடத்தில் பனி மெல்லியதாம். மேலே பார்த்தால் மற்ற இடம் போலவே வெள்ளையாய்த்தான் இருக்குமாம். உறைந்த ஏரிக்கு மேலால் கல்லு மூட்டையோடு முன்னால் போனவன் அன்ரன், பனி உடைந்துவிட்டதாம். பின்னால் வந்தவர்கள் கயிறு எறிந்தார்களாம். உடலை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள் என்றார் மனுவேல் அண்ணை. அதை ஒரு ஆறுதல் போலச் சொன்னார், பாவம்.

"அடக்கம் எப்ப?" என்று கேட்டேன். எங்கட ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியும், இன்றைக்கு என்றால் நாளைக்கு, மிஞ்சினால் மறுநாள். அவர் கீழே பார்த்துக்கொண்டு, "மே மாதமாம், அக்கா" என்றார். "விசரே அண்ணை உங்களுக்கு? இது மார்கழி" என்று கத்தினேன். "மண் இறுகிப்போச்சாம். அலவாங்கு போட்டாலும் இறங்காதாம். அங்க குளிர்காலத்தில செத்த எல்லாருக்கும் இப்பிடித்தானாம். புதைக்கிற சேமக்காலைக்குப் பக்கத்தில கல்லால கட்டின ஒரு அறை இருக்காம். மண் இளகுமட்டும் அதுக்கைதான் வைச்சிருப்பினமாம்" என்றார். ஒரு நாட்டில் மண்ணே கதவைச் சாத்திக்கொள்ளும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. அந்த நேரத்தில் அந்தத் தேசத்தை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனுவேல் அண்ணை எல்லாவற்றையும் தன்னைத் திட்டியதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் அதை நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. செத்த வீட்டில் பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். பிரேதம் போய், வீடு கழுவி, அதற்குப் பிறகுதான் அடுப்பு. நான் அந்த மின்சார அடுப்பின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். முதல் கிழமை நல்லாய்த்தான் போனது. ஒருவர் மாறி ஒருவர் கஞ்சி, பாண், சம்பல், பிட்டு என்று கொண்டுவந்தார்கள். அகதி முகாமில் இருந்து ஒருத்தி பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டு மூன்று பஸ் மாறி வந்தாள். ஆனால் பிரேதம் எடுக்க ஐந்து மாதம் ஆகும் என்றால் அயலவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கும் வேலை, பிள்ளைகள், டெர்மீன் என்கிற கந்தோர்த் தவணைகள். வருகை குறைந்தது. நான் பச்சைத் தண்ணீரும் கடைப் பாணுமாய்க் கிடந்தேன். முப்பத்தோராம் நாள் பூசையும் வைத்தோம். சுவாமியார் ஆத்துமாவின் இளைப்பாற்றிக்காகச் செபித்தபோது, இவன் இன்னும் மண்ணுக்கே போகவில்லையே, எங்கே போய் இளைப்பாறுவான் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அன்று பின்னேரம் நீ வேலையால் வந்தாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய். வயரை எடுத்துச் சுவரில் செருகி, சட்டியை வைத்து, அரிசியைப் போட்டாய். நான் பாய்ந்து வந்து உன் கையைப் பிடித்தேன். "என்னடா செய்யிறாய்? பிள்ளை இன்னும் வெளியில கிடக்கிறான்!" நீ என் கையை எடுத்துவிட்டு, திரும்பாமலே சொன்னாய்: "அம்மா, அண்ணாவுக்குக் குளிருதெண்டு நாங்களும் விறைச்சுக் கிடந்தா, அவருக்குச் சூடு வருமே?" அந்தக் கஞ்சியை நான் குடித்தேன். உப்புப் போட மறந்திருந்தாய். "உப்பில்லை" என்றேன். அப்போதுதான் நீ அழுதாய், குசினி நிலத்தில் இருந்து, கரண்டியைக் கையில் பிடித்தபடி, உடம்பெல்லாம் குலுங்கி அழுதாய். அன்றைக்கு நீ என்னைக் காப்பாற்றினாய். நன்றி என்று சொல்ல எங்கட வீட்டில் வாய் வருவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தேவாலயத்துக்கு வருகிற சிலர் இன்னமும் என்னிடம், ஏன் அவனைக் கனடாவுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் என்ன பார்சலா, நான் ஒட்டி அனுப்புவதற்கு? இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இல்லாமல், நகர எல்லையைத் தாண்டப் பத்திரம் வேண்டும் என்ற நிலையில், முகாம் யன்னலருகே அவன் இருந்த இருப்பை இவர்கள் பார்க்கவில்லை. இருபத்து நாலு வயசுப் பெடியன் பகல் முழுக்கக் கட்டிலில் படுத்துக்கிடந்து கூரையைப் பார்த்தான். எண்பத்தாறில் ஒரு வழியாய்ப் போய்ச் சேர்ந்தான். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போனவன் சும்மா போகவில்லை தம்பி, அங்கே அவன் சந்தோசமாக இருந்தான். அந்த நிலம் அவனைக் கொன்றது என்று நீ நினைக்கிறாய். அவனுக்கு அந்த நிலம் பிடித்திருந்தது. இதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதிலேதான் நான் அவனை விடச் சொல்கிறேன்.

அவன் அனுப்பிய கசெற்றுகளை நீ அரைகுறையாய்த்தான் கேட்டிருப்பாய். வேலையால் வந்து களைத்துப்போய்ச் சாப்பிடுகிற நேரத்தில் நான் போடுவேன், நீ "பிறகு கேக்கிறனம்மா" என்பாய். நான் பகலில் தனிய இருந்து திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒரு கசெற்றின் நாடா சிக்கி, பென்சிலை விட்டுச் சுற்றியெடுத்தும் கேட்டேன். இப்போது அந்த நாட்டைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், கண்ணால் காணாமலே அரை மணித்தியாலம் சொல்லுவேன். நீ இறங்கப்போகிற நிலம் அது. கொஞ்சம் தெரிந்துகொண்டு இறங்கு.

முதல் வருசம் அவன் வேலை தேடி ரயிலில் அந்தத் தேசத்தைக் குறுக்கே கடந்திருக்கிறான். நாள்கணக்காய்ப் போகிற ரயிலாம். நடுவில் ஒரு சமவெளி, மேசையில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாது என்கிற மாதிரித் தட்டை. அதில் ஒரு பகுதி முன்னொரு காலம் பெரிய ஏரியின் அடியாய் இருந்ததாம், அதனால்தான் அந்த மண் அப்படிக் கறுப்பாம், கோதுமை அப்படி விளையுமாம். அதற்கு அங்காலே மேற்கில் மலைகள். "அம்மா, மலை உச்சியில கடல் சிப்பி கல்லாய்க் கிடக்காம். கடலுக்கு அடியில கிடந்த நிலந்தான் எழும்பி மலையாய் நிக்குது. பாக்க வயசு போன மாதிரித் தெரியும், ஆனா உந்த மலையெல்லாம் சின்னப் பிள்ளையள்" என்றான். வடக்கே போகப் போக மரம் குட்டையாகி, ஒரு கோட்டோடு நின்றுவிடுமாம். அதற்கு அப்பால் பாசியும் காற்றும்தான். அந்தப் பக்கத்தில் கோடையிலும் மண் மேலால் ஒரு முழம்தான் இளகும், கீழே எப்போதும் உறைந்தபடியே இருக்குமாம். இவ்வளவையும் பார்த்துவிட்டு இவன் எங்கே நின்றான்? நடுவில், கல்லும் தண்ணீரும் ஊசியிலை மரமும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில்.

அங்கேதான் நில ஆய்வு செய்கிற ஒரு குழுவில் அவனுக்கு வேலை கிடைத்தது. சுத்தியலால் பாறையில் ஒரு துண்டு உடைத்து, பையில் போட்டு, எங்கே எடுத்தது என்று எழுதி, முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை. ஏ.எல். வரை படிக்க வைத்தது கல்லுப் பொறுக்கவோ என்று நான் பதில் கசெற்றில் கேட்டேன். அடுத்த கசெற்றில் முதலில் அரை நிமிடம் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சொன்னான்: "சிரியுங்கோ, சிரியுங்கோ. இந்தக் கல்லின்ர வயசு தெரியுமே உங்களுக்கு? இருநூற்றைம்பது கோடி வருசம். மீன் இல்லை, மரம் இல்லை, ஒரு புல்லுக்கூட இல்லை. அப்பவே இது இஞ்ச கிடந்தது. நான் அதுக்கு மேல இருந்துதான் மத்தியானம் பாண் சாப்பிடுறன்." எனக்கு அந்த வயசு விளங்கவில்லை. ஆனால் அவன் குரல் விளங்கியது. முகாமில் செத்துப்போய்க் கிடந்த குரல் அது, அங்கே போய் எழும்பியிருந்தது.

எங்கட ஊர் நிலத்தையும் அவனுக்கு அங்கே போன பிறகுதான் விளங்கியதாம். யாழ்ப்பாணத்தில் மழை பெய்தால் தண்ணீர் நிலத்தில் நிற்காது, சுண்ணாம்புக் கல்லுக்குள் ஓட்டை வழியே இறங்கி அடியில் தங்கும். அதனால்தான் எங்களுக்கு ஆறு இல்லை, கிணறுதான். "இஞ்சத்தைக் கல்லு ஒரு சொட்டும் குடியாதம்மா. பெய்யிற மழை, உருகிற பனி எல்லாம் மேலயே நிக்கும். அதாலதான் எங்க பாத்தாலும் ஏரி. எண்ணினா ஆயுசு போதாது. ஒரு ஏரிக்கு நடுவில தீவு, அந்தத் தீவுக்குள்ள இன்னொரு ஏரி." மண் ஏன் இல்லை என்பதற்கும் காரணம் சொன்னான். முன்னொரு காலம் அந்தத் தேசம் முழுக்க மலை உயரத்துக்குப் பனி மூடிக் கிடந்ததாம். அது நகர்ந்தபோது மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு தெற்கே போய்விட்டதாம், பாறையை மட்டும் விட்டுவிட்டு. பனிக்கு அடியில் சிக்கிய கற்கள் பாறையைக் கீறிய கோடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. "விரலை வைச்சுத் தடவிப் பாத்தன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், பனி எந்தப் பக்கத்தால வந்து எந்தப் பக்கம் போனதெண்டு." அந்த இடத்தில் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கசெற்றில் இருக்கிறது. அவன் பாறைமேல் இருந்துதான் அதைப் பேசியிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னான். அவ்வளவு பனியின் பாரத்தில் நிலம் கீழே அமுங்கிப்போனதாம். பனி போய் எத்தனையோ ஆயிரம் வருசமாகியும், அந்த நிலம் இன்னமும் எழும்பி முடியவில்லையாம், ஒரு வருசத்துக்கு விரலகலம்கூட எழும்பாதாம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகையில், பாடகர் குழுவில் இருக்கிற அந்தப் பெண்பிள்ளை, பெயர் வேண்டாம், என் தோளைத் தடவி, "காலம் எல்லாத்தையும் ஆத்தும் அக்கா" என்றாள். நான் இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். கல்லுக்கே இவ்வளவு காலம் எடுக்கிறதென்றால் எனக்கு எவ்வளவு எடுக்கும் என்று கணக்குப் பார்த்துச் சொல் பிள்ளை என்றேன். அவள் பயந்துபோய்ப் போய்விட்டாள். நல்ல பிள்ளை, அவளிடம் நான் அப்படிக் கதைத்திருக்கக் கூடாது.

இனி நான் ஏன் மனம் மாறினேன் என்பதற்கு வருகிறேன். நகரசபை வேலை அனுமதி இல்லாத எங்களைக் கைச்செலவுக் காசுக்கு இலை கூட்டுகிற வேலைக்கு அனுப்புகிறது அல்லவா, எனக்குக் கிடைத்தது அந்த மேட்டுச் சேமக்காலை. மாசியில் நீ அவனைக் கொண்டுவருவதென்று தீர்மானித்த பிறகு, நான் இலை கூட்டிக்கொண்டே இடம் பார்த்தேன். பெரிய மரம் ஒன்றுக்குக் கீழே, சரிவில், ஒரு ஆள் அளவுக்குப் புல் முளைத்த வெறும் இடம். காலையில் வெயில் படும். பஸ் தரிப்பிடத்திலிருந்து கிட்ட. எனக்கு மூட்டு நோவு வந்தாலும் ஏறிவிடலாம். உன் அண்ணனுக்கு அதுதான் என்று மனசுக்குள் பொத்தி வைத்தேன். தினமும் அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் கூட்டினேன். தாய் பிள்ளைக்குப் பாய் விரிப்பதுபோல, அவன் வருமுன்னே அந்த இடத்தைத் துப்புரவாக வைத்தேன்.

போன மாதம் அங்கே வேலை செய்கிற ஜெர்மன்காரியிடம் எனக்குத் தெரிந்த நாலு சொல்லை வைத்துக் கேட்டேன், இந்த இடம் வெறுமையா என்று. ஓம் என்றாள், வெறுமைதான். ஒருநாளும் யாரையும் புதைக்காத இடமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். இல்லை இல்லை, ஆள் இருந்தது, காலம் முடிந்துவிட்டது என்றாள். எனக்கு விளங்கவில்லை. செத்தவனுக்கு என்ன காலம் முடிவது? கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கல்லைக் காட்டினாள். அதில் ஒரு சின்ன ஒட்டுத்தாள். சொந்தக்காரர் அலுவலகத்துக்கு வரவும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். இங்கே புதைகுழி வாடகை வீடு மாதிரித்தானாம். இருபது, இருபத்தைந்து வருசம். பிறகு யாரும் வந்து புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள், அந்த இடம் வேறு ஆளுக்கு. அவள் இதை ஒரு துக்கமும் இல்லாமல், குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவர்களுக்கு அது வழக்கம், குறை சொல்ல நான் யார்.

அடுத்த கிழமை லொறி வந்தது. நான் இலை கூட்டுகிற தடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கல்லைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். பிறந்த வருசத்தையும் இறந்த வருசத்தையும் வாசித்தேன், இலக்கம் எல்லாப் பாசையிலும் ஒன்றுதானே. இளம் பெடியன், அன்ரனை விடவும் இளமை. அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். பூக்கன்று நட்டிருப்பாள், தண்ணீர் விட்டிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்ததால்தான் புதுப்பிக்க ஆள் வரவில்லை. கல்லை உடைத்து றோட்டுக்குப் போடுவார்களாம். நான் தடியைப் போட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டேன். மேற்பார்வைக்காரன் வந்து ஏதோ கேட்டான், சுகமில்லை என்று நினைத்து என்னை வீட்டுக்கு அனுப்பினான். அன்றைக்கு நீ கேட்டாய், ஏனம்மா வெள்ளனவே வந்திட்டியள் என்று. தலையிடி என்றேன்.

யோசித்துப் பார் தம்பி. எனக்கு இப்போதே ஐம்பத்தெட்டு. அகதியாய் ஏற்கச் சொல்லிக் கொடுத்த என் அன்ராக்கை மூன்று வருசமாய் வைத்திருக்கிறார்கள், தருவார்களோ, ஒரு நாள் காலையில் பொலிசு வந்து விமானத்தில் ஏற்றுமோ தெரியாது. உனக்கு அகதிக்குத் தருகிற நீலப் பயணப் புத்தகம் கிடைத்துவிட்டது, நல்லது, ஆனால் உன் அவுஸ்பில்டுங், அந்தத் தொழிற்பயிற்சி, முடிந்ததும் வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போவாய், போக வேண்டும். கலியாணம் முடிப்பாய். இருபத்தைந்து வருசம் கழித்து ஒரு ஒட்டுத்தாளை யார் வாசிப்பார்கள்? உன் அப்பாவின் குழியையே எடுத்துக்கொள். ஊரில் சொந்த மண்ணில், தேவாலயத்துக்குப் பின்னால் வைத்தோம். இப்போது அந்தப் பக்கம் ஆமிக் காவல், ஒரு சனம் போக ஏலாது. அந்த மனுசனையும் ஒரு இடத்தில் நிம்மதியாய் விட முடியவில்லை. அன்ரனைக் குழிக்குள்ளிருந்து எழுப்புவதற்கு நான் விடமாட்டேன்.

அங்கே அந்த ஊர்ச் சேமக்காலை ஒரு மணல் மேட்டில் இருக்கிறதாம். சுவாமியார் மனுவேல் அண்ணைக்குச் சொன்னது. சுற்றிலும் பாறை, தோண்டக்கூடிய இடம் அது ஒன்றுதானாம். பனிக்கு அடியில் ஓடிய ஆறு கொண்டுவந்து குவித்த மணல், நீளமாய் ஒரு மேடு. அன்ரனும் அப்படிப்பட்ட மேடுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறான், கூடாரம் போட நல்ல இடம், தண்ணீர் நிற்காது என்று. அங்கே கல்லை எடுக்க லொறி வராது. அந்த இடம் வேறு யாருக்கும் தேவைப்படாது. அந்தத் தேசத்தில் இல்லாதது மண்தான், இடம் நிறைய இருக்கிறது.

இவ்வளவும் நியாயம் பேசுவது. நியாயம் பேசினால் நெஞ்சு கேட்கிறதா? எனக்கு அவன் வேண்டும், தம்பி. கிட்ட வேண்டும். அந்தப் புல்லு இடத்தை இப்போதும் தினமும் பார்க்கிறேன், கூட்டாமல் வர மனசு வருவதில்லை. நேற்றும் நின்று யோசித்தேன், இருபத்தைந்து வருசம் போதாதா, நான் இருக்குமட்டும் அவன் பக்கத்தில் இருக்கட்டுமே, பிறகு என்ன நடந்தால் என்ன என்று. அப்படி நினைத்தவுடனே எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அது எனக்காக அவனைக் கொண்டுவருவது. அவனை ஒரு தரம் மண்ணுக்குள் வைத்தால் பிறகு யாரும் தொடக் கூடாது. அவனுக்கு நான் செய்யக்கூடியது இனி இது ஒன்றுதான், நானே அதைக் கெடுக்கக் கூடாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நானும் போய்க் கேட்டேன், உனக்குத் தெரியாது. ஒரு கிழமை போய்வர விடுங்கோ என்று மனுவேல் அண்ணை எனக்காகச் சொன்னார். அங்கே இருந்த மனுசி மரியாதையாகத்தான் சொன்னாள், போகலாம், ஆனால் திரும்பி வர முடியாது, அன்ராக் அத்தோடு சரி என்று. அங்கேயும் எனக்கு விசா தரமாட்டார்கள். ஆகவே நீதான்.

போனதும் முதலில் சுவாமியாரிடம் சொல், அடக்கம் இங்கேதான், தாய் சொல்லிவிட்டா என்று. பெட்டி ஏற்றுகிற ஆட்களிடம் மன்னிப்புக் கேள். மனுவேல் அண்ணைக்கு நான் இங்கே சொல்லிக்கொள்கிறேன், அவர் விளங்கிக்கொள்வார். அவனோடு வேலை செய்தவர்கள் வருவார்கள். அவர்கள்மேல் கோபத்தைக் காட்டாதே, கயிறு எறிந்தவர்கள் அவர்கள்தான். தந்ததைச் சாப்பிடு. நான் கட்டித்தந்த பார்சலை விமானத்திலேயே முடித்துவிடு, பழுதாய்ப் போகும். நேரம் இருந்தால் அந்த ஏரிக்கரைக்குப் போ. போகப் பயமாய் இருந்தால் போகாதே, அதற்காக நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். பிறகு திரும்பி வா. வந்து உன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வதை நிறுத்து. நீ எனக்கு மிஞ்சிய பிள்ளை என்று சனம் சொல்லும், நீ அப்படி நினைத்துக்கொண்டு எனக்குக் காவல் இருக்க வேண்டாம். நீ சிரித்தால் அண்ணனுக்குத் துரோகம் என்று இந்த வீட்டில் ஒரு சட்டமும் இல்லை.

குழிக்குப் பக்கத்தில் நிற்கையில் யாராவது தாய் வரவில்லையா என்று கேட்பார்கள். விசா, அன்ராக் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே. வர ஏலாது என்று மட்டும் சொல். சுவாமியார் செபம் முடித்து, ஆளுக்கு ஒரு பிடி மண் எடுக்கச் சொல்லும்போது, நீ முதலில் போ. மண்ணைக் கையில் எடு. போடுவதற்கு முன்னால் குனிந்து அவனிடமும் சொல், அம்மாவால் வர ஏலாது, இனியும் வர ஏலாது என்று. வாய்க்குள் சொல்லாதே, மற்றவர்கள் பார்த்தால் பார்க்கட்டும், சத்தமாய்ச் சொல். தமிழில் சொல். நீ திரும்பி வந்துவிட்டால் அந்த நிலத்தில் அவனோடு தமிழ் கதைக்க ஒருத்தரும் இல்லை. சொல்லிவிட்டு மண்ணைப் போடு.

அம்மா